மகா ஓயா வற்றிய வருடம்

தொற்றுநோயியல் என்ற பாடத்தை எந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனாலும் முதல் வகுப்பிலேயே லண்டனுக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். வருடம் 1854. பிரோட் ஸ்ட்ரீட் என்ற தெரு. அங்கே ஒரு தண்ணீர்ப் பம்பு. ஜோன் ஸ்னோ என்ற டொக்டர் வாந்திபேதியில் இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறிக்கிறார். குறிகள் பம்பைச் சுற்றிக் குவிகின்றன. பம்பின் கைப்பிடியைக் கழற்றச் சொல்கிறார். நல்ல பாடம்தான், குறை சொல்வதற்கில்லை. நானும் அதைத்தான் படித்தேன், படிப்பித்த காலத்திலும் அதைத்தான் சொன்னேன். ஆனால் மாவனல்லையிலிருந்தும் கன்னத்தோட்டையிலிருந்தும் இறக்குவானையிலிருந்தும் வரும் பிள்ளைகள் லண்டன் வரை போக வேண்டியதில்லை. இந்தத் துறையின் கேள்விகள் அத்தனையும் சபரகமுவையின் ஆற்றங்கரைகளிலேயே கிடக்கின்றன. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயைத்தான் சொல்கிறேன்.

அதற்கு முன் இந்தப் படிப்பு என்ன என்பதை ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். "மகள் டொக்டருக்குப் படிச்சி முடிச்சிட்டு இனி சமுதாய மருத்துவம் படிக்கப் போறேன் எண்டு செல்றா. இது என்னத்துக்கு? இதப் படிச்சா கிளினிக் ஒண்டு போட ஏலுமா?" என்று ஒரு வாப்பா என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. கிளினிக் போட ஏலாது என்றுதான் பதில் சொன்னேன். வார்டில் நிற்கும் டொக்டர், "இந்த ஆளுக்கு என்ன நோய், என்ன மருந்து?" என்று கேட்கிறார். இந்தத் துறையில் இருப்பவரோ, "ஏன் இந்த ஊரில்? ஏன் இந்த வருடம்? ஏன் இந்த ஆட்களுக்கு மட்டும்?" என்று கேட்கிறார். அவருடைய நோயாளி ஒரு தனி ஆள் இல்லை, ஒரு ஊர். ஊருக்கு நாடி பார்ப்பது எப்படி என்பதைத்தான் நாலைந்து வருடம் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

இனி கேகாலைக்கு வருவோம்.

ஏன் அங்கே, ஏன் அப்போது?

1934ஆம் ஆண்டின் கடைசியில், ஒக்டோபர் நவம்பர் மாதங்களில், மகா ஓயா, தெதுரு ஓயா, களனி கங்கை ஆகியவற்றின் கரையோர ஊர்களில் காய்ச்சல் தொடங்கியது. டிசம்பர், ஜனவரியில் உச்சத்துக்குப் போனது. கொஞ்சம் தணிந்து, 1935இன் முற்பகுதியில் மறுபடி ஒரு அலை எழுந்தது. அப்போது இலங்கையின் சனத்தொகை ஏறத்தாழ 55 இலட்சம். காய்ச்சல் கண்டவர்கள் சுமார் 15 இலட்சம், இறந்தவர்கள் சுமார் 80,000. மிக மோசமாக அடிபட்ட மாவட்டம் கேகாலை.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், கேகாலை மலேரியா ஊர் அல்ல. அந்தக் காலத்தில் மலேரியா என்றால் அனுராதபுரம், வன்னி, குளத்துப் பக்கம், வறண்ட பிரதேசம். மழை கொட்டும் ஈரப் பிரதேசத்துக்காரர்கள் அந்தப் பக்கம் போய்வரவே பயந்தார்கள். அப்படியிருக்க, நோய் வழக்கமாக இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, வழக்கமாக இல்லாத இடத்தில் ஏன் இப்படி வெடித்தது? தொற்றுநோயியலில் பரீட்சைக் கேள்வி ஒன்றே ஒன்றுதான் கேட்கலாம் என்றால் நான் இதைத்தான் கேட்பேன்.

பதிலின் முதல் பாதி ஆற்றில் இருக்கிறது. இலங்கையில் மலேரியாவைப் பரப்பும் பிரதான நுளம்பு அனோபிலிஸ் குலிசிபேசிஸ். மருத்துவப் பூச்சியியலாளர் எச்.எப். கார்ட்டர் 1920களில் இங்கே வேலை செய்து இதை நிலைநாட்டியிருந்தார். இந்த நுளம்பு சாக்கடையில் முட்டை இடுவதில்லை. வெயில் படும், தெளிந்த, ஓடாமல் தேங்கிய தண்ணீர்தான் அதற்கு வேண்டும். ஆறு வற்றும்போது மணலிலும் பாறை இடுக்கிலும் தேங்குகிற சின்னச் சின்னக் குட்டைகள் அதற்கு மிகவும் பிடித்தமானவை. சாதாரண வருடங்களில் தென்மேல் பருவமழை மே மாதத்திலிருந்து பெய்து மகா ஓயாவை நிரப்பி ஓடவைக்கும். புழுக்களெல்லாம் வெள்ளத்தோடு கடலுக்குப் போய்விடும். கேகாலையைக் காப்பாற்றி வந்தது ஆஸ்பத்திரி இல்லை, ஆற்றின் ஓட்டம். 1934இல் அந்தப் பருவமழை பொய்த்தது. ஆறு குட்டைகளின் சங்கிலியாக மாறியது. நுளம்பு பெருகியது.

மழை அதிகமானால் நுளம்பு அதிகம், நுளம்பு அதிகமானால் மலேரியா என்றுதான் நாம் பொதுவாக நினைக்கிறோம். பஞ்சாபில் அப்படித்தான். அங்கே 1908இல் பெருமழைக்குப் பின்னால் மலேரியா பல இலட்சம் பேரை வாரிக்கொண்டு போனது. அங்கேயும் இதே இன நுளம்புதான். சமவெளியான பஞ்சாபில் மழை தண்ணீரைத் தேக்குகிறது, மலைச்சரிவான கேகாலையில் மழை தண்ணீரைக் கழுவிவிடுகிறது. ஒரே நுளம்பு, ஒரே கிருமி, ஆனால் காரணம் தலைகீழ். புத்தகத்தில் படித்ததை ஊரின் நிலத்தோடு சேர்த்துப் பார்க்காதவன் இந்தத் துறையில் தேறமாட்டான் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. பஞ்சாபில் பொதுச் சுகாதாரப் பணிப்பாளராக இருந்து, மலேரியாக் கொள்ளைநோய் வரப்போவதை முன்கூட்டியே கணிக்க முடியுமா என்று ஆராய்ந்த கேணல் கில் என்பவரே கேகாலைப் பேரழிவையும் ஆராய்ந்து 1935இல் அறிக்கை எழுதினார். அதே வருடம் இலங்கையின் மருத்துவ, சுகாதாரப் பணிப்பாளர் பிரயர்கிளிப் இன்னொரு அறிக்கை எழுதினார். இரண்டும் அரச வெளியீடுகள். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த எந்த மாணவரும் தேடிப்பிடித்து வாசிக்க வேண்டியவை.

பதிலின் மறுபாதி மனித உடம்பில் இருக்கிறது. மலேரியா திரும்பத் திரும்ப வந்தால் இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கும். அதனால் பாடசாலைப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வயிற்றைத் தடவிப் பார்த்து, நூற்றுக்கு எத்தனை பேருக்கு மண்ணீரல் தட்டுப்படுகிறது என்று கணக்கெடுக்கும் வழக்கம் இருந்தது. இரத்தப் பரிசோதனைக்கூடம் இல்லாத ஊரிலும் இரண்டு கையை வைத்து எடுக்கக்கூடிய கணக்கு இது. வறண்ட பிரதேசத்துக் கிராமங்களில் இந்த வீதம் உயர்வாக இருந்தது. அந்தப் பிள்ளைகள் சிறுவயதிலேயே நோயோடு மல்லுக்கட்டி, தப்பிப் பிழைத்தவர்கள் ஓரளவு எதிர்ப்புச் சக்தியும் பெற்றிருந்தார்கள். கேகாலைப் பிள்ளைகளுக்கு அது இல்லை. அதற்கு முந்திய சில வருடங்கள் நல்ல மழை பெய்து நோயே இல்லாமல் போயிருந்ததும் ஒருவிதத்தில் கேடாகிவிட்டது. காய்ந்த விறகு சேர்ந்திருந்தது, நெருப்பு விழுந்தது.

பசியும் கிருமியும்

மூன்றாவதாக ஒன்று உண்டு. அதை ஆறும் சொல்லாது, மண்ணீரலும் சொல்லாது. உலகப் பொருளாதார வீழ்ச்சிக் காலம் அது. றப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்குறைப்பு நடந்து, சிறு தோட்டக்காரனின் கையில் காசில்லாமல் போயிருந்தது. அதன்மேல் வறட்சி வந்து வயலும் காய்ந்தது. வெறும் வயிற்றோடு இருந்த ஊரில்தான் காய்ச்சல் புகுந்தது. 1908 பஞ்சாப் நோயை ஆராய்ந்த கிறிஸ்டோபர்ஸ் என்ற ஆய்வாளர் மழைக் கணக்கோடு தானிய விலையையும் வைத்துப் பார்த்தார். பஞ்சம் எங்கே கடுமையாக இருந்ததோ அங்கே சாவும் அதிகம் என்று 1911இல் எழுதினார். சந்தையில் கோதுமை விலையையும் ஒரு நோய்க் காரணமாக எடுத்துக்கொண்ட அந்த மனிதர்மேல் எனக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு.

கேகாலையில் இதைக் கண்ணால் கண்டவர்கள் சூரியமல் இயக்கத்து இளைஞர்கள். எஸ்.ஏ. விக்கிரமசிங்க, என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன போன்றோர் கொயினா மருந்தோடு உணவும் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனார்கள். மருந்து மட்டும் கொடுத்தால் போதாது, சாப்பாடும் வேண்டும் என்பது அவர்களுக்கு அங்கே விளங்கியது. 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி உருவானது. 1936 அரச சபைத் தேர்தலில் என்.எம். பெரேரா ருவன்வெல்லவிலும் பிலிப் குணவர்தன அவிசாவளையிலும் வென்றார்கள். காய்ச்சல் அடித்த ஆற்றங்கரைத் தொகுதிகள் அவை. வாக்குச்சீட்டிலும் ஒரு கொள்ளைநோயின் தடத்தைத் தேடலாம் என்பதற்கு இது ஒரு உதாரணம். இது என் துறைக்கு வெளியே என்று யாராவது சொல்லக்கூடும். சொல்லட்டும்.

கீழே என்ன எண்?

80,000 என்று மேலே எழுதினேன். இதை எப்படி எண்ணினார்கள்? கிராமத்து இறப்புப் பதிவில் காரணத்தைச் சொல்வது பெரும்பாலும் வீட்டார்தான். "காய்ச்சல்", "வலிப்பு", "பலவீனம்" என்றுதான் சொல்வார்கள். அதில் மலேரியா எது, மற்றது எது என்று பிரிக்க முடியாது. இந்த மாதிரி நேரத்தில் காரணத்தைப் பார்க்காமல் எல்லா மௌத்தையும் எண்ணி, சாதாரண வருடங்களில் அதே மாதங்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்த்து, மேலதிகமாக எத்தனை என்று கழித்து எடுக்க வேண்டும். கோவிட் காலத்திலும் உலகம் முழுவதும் இதே முறையைத்தான் கையாண்டார்கள்.

அடுத்ததாக, மேலே உள்ள எண்ணுக்குக் கீழே ஒரு எண் வேண்டும். 55 இலட்சத்தில் 80,000 என்றால் ஏறத்தாழ 69 பேருக்கு ஒருவர். 15 இலட்சம் நோயாளிகளில் 80,000 என்றால் நூற்றுக்கு ஐந்து பேருக்குச் சற்று மேல். இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள். முதலாவது ஊருக்கு நேர்ந்த இழப்பைச் சொல்கிறது, இரண்டாவது நோயின் கொடுமையைச் சொல்கிறது. முதல் வருடத்துப் பிள்ளைகள் இதில்தான் அதிகம் தடுமாறுவார்கள். ஒரு ஊரில் 30 பேருக்குக் காய்ச்சல், அடுத்த ஊரில் 60 பேருக்கு என்றால் இரண்டாவது ஊர்தான் மோசம் என்று கையைத் தூக்குவார்கள். முதல் ஊரில் 300 பேர், இரண்டாவதில் 3,000 பேர் என்று சொன்னால் கை இறங்கும்.

கணக்குப் பாடம்தானே என்று எண்ண வேண்டாம். கீழ் எண் இல்லாத மேல் எண் எங்கள் சமூகத்துக்கு என்ன செய்தது என்பதை 2019இல் பார்த்தோம். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின் அந்த மே மாதத்தில், குருநாகலையில் ஒரு முஸ்லிம் டொக்டர் சிசேரியன் செய்யும்போது 4,000 பெண்களை மலடாக்கினார் என்று ஒரு பத்திரிகை முதல் பக்கத்தில் எழுதியது. நூற்றுக்கணக்கான பெண்கள் வந்து முறைப்பாடு செய்தார்கள். அந்தப் பெண்களின் வேதனை பொய் இல்லை. பிள்ளை இல்லாத கவலை யாருக்கும் பொய்யாக வராது. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி, வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் பிள்ளைப்பேறு தடைப்படும் அனுபவம் ஆறு பேரில் ஒருவருக்கு உண்டு. ஆயிரக்கணக்கான சிசேரியன் செய்த எந்த டொக்டரின் பட்டியலை எடுத்தாலும், அவர் எந்த இனத்தவராக இருந்தாலும், அதற்குப் பிறகு கருத்தரிக்காத நூற்றுக்கணக்கான பெண்கள் அதில் இருந்தே தீர்வார்கள். அதே ஆஸ்பத்திரியில் மற்ற டொக்டர்களிடம் சிசேரியன் செய்துகொண்டவர்களில் எத்தனை வீதம் என்று பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய கேள்வி இது. அந்த டொக்டர் சிறைக்குப் போனார். ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

லயமும் கிராமமும்

சபரகமுவையில் தோட்டமும் கிராமமும் நுவரெலியாவில் போல் தனித்தனி உலகங்கள் அல்ல. எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கம் போனால் றப்பர் மரத்துக்குக் கீழே கிராமம், மேலே லயம், சந்தியில் நம்மவர்களின் கடை. இரத்தினபுரிப் பக்கத்தில் காவத்தை, பெல்மதுளை, பலாங்கொடை எல்லாம் அப்படித்தான். ஒப்பிட்டுப் படிக்க இதைவிட வசதியான இடம் கிடையாது. அதே காரணத்தால் ஏமாறுவதற்கும் வசதியான இடம்.

ஒரு பயிற்சியாகச் சொல்கிறேன். ஒரு கொள்ளைநோய்க் காலத்தில் மேலே லயத்தில் சாவு குறைவு, கீழே கிராமத்தில் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். லயத்துக்காரரின் உடம்பு உறுதி என்று சொல்லிவிடலாமா? லயம் ஆற்றுக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? தோட்டத்தில் டிஸ்பென்சரி இருந்ததா? 1872இலிருந்தே தோட்டத் தொழிலாளருக்கான வைத்திய வசதிக்கென்று தனிச் சட்டம் உண்டு, அது அந்தத் தோட்டத்தில் ஏட்டில் இருந்ததா, நடப்பில் இருந்ததா? அரிசி தோட்டத்தால் கிடைத்ததா? வேலை செய்யும் வயதுக்காரர்கள்தான் அங்கே அதிகமா, குழந்தைகளும் வயோதிபரும் எத்தனை பேர்? நோய் வந்தவர்களை ஊருக்கு அனுப்பிவிட்டார்களா? அனுப்பியிருந்தால் அந்த மௌத்து வேறெங்கோ அல்லவா பதிவாகியிருக்கும்? இத்தனையையும் கேட்டு ஒவ்வொன்றாகக் கழித்த பிறகு மிஞ்சுவதைத்தான் காரணம் என்று வாய் திறக்கலாம். இந்தப் படிப்பில் பாதி, அவசரப்பட்டு வாய் திறக்காமல் இருக்கப் பழகுவது.

மற்றைய பாதி, சராசரியை நம்பாமல் இருக்கப் பழகுவது. இலங்கையின் சுகாதாரக் கணக்குகள் தென்னாசியாவில் நல்ல பேர் எடுத்தவை. ஆனால் அரசாங்கத்தின் 2016ஆம் ஆண்டு குடித்தொகை, சுகாதார மதிப்பாய்வைப் பிரித்துப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க எடுத்தால் 17 சதவீதம். தோட்டத்துறையை மட்டும் எடுத்தால் 32 சதவீதம். தோட்டம் என்று தனிப் பத்தி போடாவிட்டால் இந்த 32 அந்த 17க்குள் கரைந்து போயிருக்கும். சபரகமுவைத் தோட்டங்களுக்கு இதிலும் ஒரு கஷ்டம் உண்டு. சிதறிக் கிடக்கும் சின்னத் தோட்டங்கள், மூடப்பட்ட தோட்டங்கள், கிராமத்தோடு கலந்துவிட்ட லயங்கள். தோட்டம் என்றாலே எல்லாருக்கும் ஹட்டன்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

மாணிக்கக் குழியில் எலிக்காய்ச்சல்

மலேரியா இப்போது இல்லை. டி.டி.ரி. தெளிப்பு 1946இல் தொடங்கி, 1963இல் நாடு முழுவதும் வெறும் 17 நோயாளிகள் என்ற நிலைக்கு வந்தது. ஒழிந்துவிட்டது என்று கையைத் தளர்த்தினோம், 1968-69இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. மறுபடி பாடுபட்டு, 2012க்குப் பிறகு உள்ளூரில் தொற்றிய நோயாளி இல்லை என்றாகி, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது.

இன்று இரத்தினபுரியிலும் கேகாலையிலும் படிக்க வேண்டிய நோய் எலிக்காய்ச்சல். எலி, மாடு போன்றவற்றின் சிறுநீரில் வரும் கிருமி சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் உயிரோடு இருந்து, காலிலோ கையிலோ உள்ள சிறு காயத்தின் வழியே உள்ளே போகும். காய்ச்சல், கெண்டைக்கால் தசை நோவு, கண் சிவப்பு, முற்றினால் சிறுநீரகம் பழுதாகும். 2008இல் நாட்டில் 7,000க்கும் அதிகமானோருக்கு இந்த நோய் என்று சந்தேகிக்கப்பட்டது. வயல்காரர்களோடு சேர்த்து ஆபத்தில் இருப்பவர்கள் மாணிக்கக் குழியில் இறங்குபவர்கள். இல்லம் என்ற கல்மண் படையை எடுக்கும்வரை நாள் முழுக்கத் தண்ணீரிலும் சேற்றிலும்தான் அவர்களுக்கு வேலை. வழக்கமான முறையில் அவர்களுக்குக் கூலி இல்லை, கல் கிடைத்தால் பங்கு. காய்ச்சல் என்று மூன்று நாள் படுத்தால், அந்த மூன்று நாளில் கல் வந்துவிடுமோ என்ற பயம். ஆகவே பெனடோல் போட்டுக்கொண்டு இறங்குவார்கள். ஆஸ்பத்திரிக்கு வரும்போது பிந்திவிடும்.

இங்கேதான் இந்த நாட்டின் பொதுச் சுகாதார அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்க்கலாம். 1897ஆம் ஆண்டின் தடுப்புக்காப்பு, நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி சில நோய்களைச் சந்தேகித்த உடனேயே டொக்டர் அறிவிக்க வேண்டும், பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது. அறிவித்தல் அந்தப் பிரதேசத்தின் சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போகும். அவர் பி.எச்.ஐ. மாத்தயாவை அனுப்புவார். மாத்தயா சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ வீட்டுக்கு வந்து, எங்கே வேலை செய்தார், எந்தக் குழி, கூட இறங்கியவர்கள் யார் என்று விசாரிப்பார். தடுப்புக்காக வாரம் ஒரு முறை எடுக்கும் டொக்சிசைக்கிளின் குளிசையைக் கொடுப்பார். ஊர் ஊராகச் சேரும் இந்தக் கணக்குதான் கொழும்பில் சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வாராவாரம் வெளியிடும் அறிக்கையாகிறது. ஆஸ்பத்திரிக்கு வராதவர், தனியார் டிஸ்பென்சரியில் மருந்தெடுத்து அறிவிக்கப்படாமல் போனவர், தோட்டத்து மருந்தகத்தோடு நின்றவர் யாரும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். குழிக்குப் பணம் போடுபவர்களிலும் கல் வாங்குபவர்களிலும் நம்மவர்கள் நிறையப் பேர். குழியில் இறங்கும் ஆளுக்கு அந்தக் குளிசை வந்ததா என்று கேட்க அவர்களுக்கு டொக்டர் படிப்பு வேண்டியதில்லை.

ஜனாஸாவும் நிலத்தடி நீரும்

2020இல் ஜும்ஆ மேடைகளில் நாம் அடிக்கடி கேட்ட செய்தி, கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகவும் வேண்டாம், அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழியின் கருத்து. அம்வாஸ் கொள்ளைநோயின்போது கலீபா உமர் (ரழி) ஸர்க் என்ற இடத்திலிருந்து திரும்பிய சம்பவத்தையும் கேட்டோம். நல்லது. பதினான்காம் நூற்றாண்டில் கிரனாடாவில் வாழ்ந்த இப்னுல் கதீபையும் சேர்த்துக் கேட்டிருக்கலாம். நோயாளியோடு பழகியவர்கள் விழுவதையும், ஒதுங்கி இருந்தவர்கள் தப்புவதையும், ஆடையும் பாத்திரமும் காதணியும் கூட நோயைக் கடத்துவதையும் கவனித்து, கண்ணால் கண்டதை மறுக்க முடியாது என்று வாதாடியவர் அவர். தொற்றுக்கு ஒரு பாதை இருக்க வேண்டும், அந்தப் பாதையைக் காட்ட வேண்டும் என்பதே அவருடைய வாதத்தின் உள்ளீடு.

அந்தப் பாதையைத்தான் யாரும் காட்டவில்லை. 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி, கோவிட்டில் இறந்தோரை எரிக்க வேண்டும் என்று விதித்தது. அடக்கவும் செய்யலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அப்போதைய வழிகாட்டல். நிலத்தடி நீரில் வைரஸ் கலக்கும் என்பது இங்கே சொல்லப்பட்ட காரணம். ஒரு தொற்றுக்கு ஊற்றிடம், வழி, ஏற்கும் ஆள் என மூன்றும் வேண்டும் என்பது முதலாம் வருடப் பாடம். மூச்சு வழியே பரவும் ஒரு வைரஸ், மூச்சு நின்ற உடலிலிருந்து ஆறடி மண்ணைத் தாண்டிக் கிணற்றுக்குப் போய், அங்கிருந்து ஒருவரின் சுவாசப்பைக்குள் எப்படிப் போகும்? அப்படித் தொற்றிய ஒரு ஆளையாவது உலகில் எங்கேனும் கண்டார்களா? 2021 பெப்ரவரி 25இல் விதி மாற்றப்பட்டது. மார்ச் 5 முதல் ஓட்டமாவடியில் அடக்கத் தொடங்கினார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. எரிக்கப்பட்டவர்களில் பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையும் உண்டு.

அந்த மாதங்களில் நாங்கள் நீதிமன்றம் போனோம், வெள்ளைத் துணி கட்டினோம், துஆ கேட்டோம். எல்லாம் வேண்டியதுதான். தொற்றுநோயியல் மொழியில், மேசையில் உட்கார்ந்து, எண்ணோடும் பாதையோடும் பேசக்கூடியவர்கள் எங்களுக்குள் சிலர் இருந்தார்கள். ஆனால் அவர்களை விரல்விட்டு எண்ணலாம். சத்திரசிகிச்சை நிபுணர்களை எண்ண விரல் போதாது. அந்த வாப்பாவுக்கு நான் சொல்ல நினைத்து, அன்று சரியாகச் சொல்ல வராமல் போனது இதுதான்.

வழிகள் இருக்கின்றன. எல்லா மருத்துவ பீடங்களிலும் சமுதாய மருத்துவத் துறை உண்டு. இரத்தினபுரியிலேயே சபரகமுவ பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் வந்துவிட்டது. டொக்டராகிய பின் கொழும்பில் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் முதுமாணியும் நிபுணத்துவமும் படிக்கலாம். டொக்டர் ஆகாதவர்களுக்கும் இடம் உண்டு. மிகிந்தலை ரஜரட்ட பல்கலைக்கழகத்தில் சுகாதார மேம்பாட்டுப் பட்டம் இருக்கிறது. பி.எச்.ஐ.யாகப் பயிற்சி பெற களுத்துறையில் தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவனம் இருக்கிறது. 1926இல் இந்த நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய இடம் அதுதான். நம் ஊர்களில் பி.எச்.ஐ. வேலையைச் சின்ன வேலையாகப் பார்க்கும் பழக்கம் ஒன்று ஈக்கிது. அதை விட்டுவிட வேண்டும்.

இந்தக் காலாண்டிதழை வாசிப்பவர்களிடம் ஒன்று கேட்கலாம் என்று நினைக்கிறேன். 1934-35 பற்றி நம்மிடம் இருப்பது அரச அறிக்கைகளும் கட்சிக்காரர்களின் நினைவுகளும். மகா ஓயாவின் கரையிலும் களனியின் கரையிலும் உள்ள முஸ்லிம் ஊர்களில் என்ன நடந்தது என்பதை யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. சில பள்ளிவாசல்களில் பழைய ஜனாஸாப் பதிவுகள், மையவாடிக் கணக்குகள், கபன் துணிச் செலவுக் குறிப்புகள் இருக்கலாம். எல்லா இடத்திலும் இருக்காது, இருந்தவற்றிலும் பலதைக் கறையான் தின்றிருக்கும். இருப்பவற்றை நிர்வாக சபையின் அனுமதியோடு பிரதி எடுக்கலாம். மாதம் மாதமாக எத்தனை ஜனாஸா, பெரியவரா பிள்ளையா, ஆணா பெண்ணா என்பது மட்டும் போதும், பெயர் வேண்டியதில்லை. முன்னும் பின்னும் ஐந்தைந்து வருடத்துக்கு எடுத்தால்தான் மேலதிகம் எவ்வளவு என்று கழித்துப் பார்க்கலாம். பதிவு ஹிஜ்ரியில் இருந்தால் ஒவ்வொரு திகதியையும் ஆங்கில மாதத்துக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மழைக் கணக்கோடு பொருந்தாது. தேட வேண்டிய வருடம் ஹிஜ்ரி 1353. அந்த வருட ரமழான் 1934 டிசம்பர் 8ஐ ஒட்டித் தொடங்கி, ஜனவரி முதல் வாரத்தில் பெருநாளோடு முடிந்தது. நோய் உச்சத்தில் நின்ற மாதம் அதுதான். ஷஃபான், ரமழான், ஷவ்வால் பக்கங்களை முதலில் புரட்டலாம்.